கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கம்: 257 படிகளும் ஒரு மணல்திட்டும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடலோரத்தில், அவுட்டர் பேங்க்ஸ் என்று அழைக்கப்படும் ஒல்லியான மணல்தீவுகளின் வரிசையில், பக்ஸ்டன் என்ற சிற்றூரை ஒட்டி நிற்கிறது கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கம். 2019 கோடையில் குடும்பத்தோடு சென்று அதன் உச்சி வரை ஏறினேன். மராமத்துக்காகக் கோபுரம் மூடப்பட்ட பிறகு இன்னொரு முறையும் போய், சாரத்துக்குள் அது நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த இரண்டு பயணங்களை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் பயணத்தில், காரை நிறுத்தியவுடன் சீட்டு வாங்கிக்கொண்டு படியேறியது நான் செய்த தவறு. அந்த விளக்கை எதற்காக அங்கே கட்டினார்கள், எத்தனை முறை கட்டினார்கள், கடைசியில் அதை ஏன் பெயர்த்து நகர்த்தினார்கள் என்பது தெரியாமல் ஏறினால், கிடைப்பது மூச்சிரைப்பும் நல்ல புகைப்படங்களும் மட்டுமே.

மாநிலத் தலைநகரான ராலேயிலிருந்து காரில் நாலரை மணி நேரமாவது ஆகும். கடைசிப் பகுதி முழுவதும் மாநில நெடுஞ்சாலை 12 என்ற ஒற்றைச் சாலைதான். ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல், மறுபக்கம் பாம்லிகோ என்ற பரந்த உப்பங்கழி, நடுவில் சில இடங்களில் கூப்பிடு தூரத்துக்கும் குறைவான மணல். 1524இல் இந்தக் கரையோரமாக வந்த வெரசானோ என்ற கடலோடி, மணலுக்கு அப்பால் தெரிந்த அந்த உப்பங்கழியைப் பசிபிக் பெருங்கடல் என்றே எண்ணிவிட்டார். அங்கே நின்று பார்த்தால் அந்த மயக்கம் வியப்பாகத் தோன்றாது. வழியில் உள்ள ஆரகன் முகத்துவாரத்தின் மேல் 2019 பிப்ரவரியில் புதிய பாலத்தைத் திறந்தார்கள். அதைத் தாண்டி ரொடாந்தே என்ற ஊரை அடையும்போது, மரக்கால்களின் மேல் கட்டிய வீடுகளின் அடியில் அலை வந்து போவதைக் காணலாம். 2020க்குப் பிறகு அந்த ஊரில் பல வீடுகள் அடுத்தடுத்துக் கடலில் விழுந்துவிட்டன. கலங்கரை விளக்கத்தின் கதையும் இந்தக் கடலரிப்பின் கதைதான் என்பதால், இந்தச் சாலையில் தூங்கிக்கொண்டு வர வேண்டாம்.

முதலில் ஏற்றம். 2019இல் பெரியவர்களுக்கு 8 டாலர், சிறுவர்களுக்கும் மூத்தோருக்கும் 4 டாலர் கட்டணம். அன்றைய சீட்டை அன்றே, அங்கேயே வாங்க வேண்டியிருந்தது. குறைந்தது 42 அங்குல உயரம் இல்லாத குழந்தைகளை ஏற்றுவதில்லை. தூக்கிக்கொண்டு ஏறவும் அனுமதியில்லை. என் மகள் அளவுகோலருகே குதிகாலை உயர்த்தாமலே தேறிவிட்டாள். மெரினா கலங்கரை விளக்கத்தின் மின்தூக்கியை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். சுவரை ஒட்டிச் சுழன்று செல்லும் வார்ப்பிரும்புப் படிகள் 257. ஏறத்தாழ 12 மாடிக் கட்டடத்தை நடந்து ஏறுவதற்குச் சமம். 31 படிக்கு ஒரு முறை நின்று இளைப்பாறத் தளம் உண்டு. கைப்பிடி ஒரு பக்கம்தான். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் அதே குறுகிய படியில் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். உள்ளே குளிர்சாதனம் இல்லை, வெளிச்சம் மங்கல், காலடிச் சத்தம் இரும்பில் பட்டுக் கோபுரம் முழுக்க எதிரொலிக்கும். வெளியே இருப்பதைவிட உள்ளே புழுக்கம் அதிகம். இவற்றையெல்லாம், கோபுரத்தைப் பராமரிக்கும் தேசியப் பூங்கா நிர்வாகமே முன்கூட்டி எழுதி எச்சரிக்கிறது என்பதால் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1870ஆம் ஆண்டுக் கட்டடத்தில் அந்தக் காலத்து விளக்குக் காவலர் ஏறிய அதே படிகளில் ஏறுவதற்குத்தான் காசு கொடுக்கிறோம். முழங்கால் வலியுள்ள என் தந்தையார் கீழேயே இருந்துவிட்டார். காவலர்களின் பழைய இரட்டைக் குடியிருப்பில் இயங்கும் கடல் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. அவருக்கு அங்கேயே நன்றாகப் பொழுது போயிற்று.

மேலே சுற்றுமாடத்துக்கு வந்ததும் காற்று அறைகிறது. பலத்த காற்றும் இடியும் இருக்கும் நாட்களில் ஏற்றத்தை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலானோர் வடக்கே நீளும் கடற்கரையைப் பார்த்தே படம் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது தென்கிழக்குத் திசை. கரை அங்கே முழங்கை போல மடங்கி ஒரு கூர்முனையாகக் கடலுக்குள் நீள்கிறது. முனைக்கு அப்பால், கரையே இல்லாத நடுக்கடலில், அலைகள் உடைந்து வெள்ளைக் கீற்றுகளாகத் தெரிந்தன. அவைதான் டயமண்ட் ஷோல்ஸ் என்ற மணல்திட்டுகள். ஆழம் உள்ள இடத்தில் அலை அப்படி உடையாது. முதல் முறை அதை நான் அழகு என்று மட்டுமே பார்த்தேன்.

அந்த மணல்திட்டுகள் முனையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம் கடலுக்குள் நீள்கின்றன. அவை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. ஒவ்வொரு புயலும் அவற்றை இடம் மாற்றிப் போடுகிறது. மணல் மட்டுமே காரணமாக இருந்தால் கப்பல்கள் தள்ளிப் போயிருக்கும். சிக்கல் நீரோட்டங்களில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெப்ப நீரோட்டம் இங்கே கரைக்கு வெகு அருகில் வந்து வடகிழக்காகத் திரும்புகிறது. வடக்கிலிருந்து லாப்ரடார் குளிர் நீரோட்டத்தின் கிளை ஒன்று கரையோரமாக இறங்கி வருகிறது. தெற்கே போக வேண்டிய பாய்மரக் கப்பல் கல்ஃப் ஸ்ட்ரீமை எதிர்த்து முன்னேற முடியாது. ஆகவே அதன் மேற்கு விளிம்புக்கும் மணல்திட்டுக்கும் இடையே உள்ள குறுகிய வழியில், குளிர் நீரோட்டத்தின் துணையோடு நுழைந்து போயாக வேண்டும். காற்று சற்றே கிழக்கிலிருந்து வீசினாலும் கப்பல் மணலில்தான் ஏறும். இந்தக் கரையோரத்தில் 600க்கும் மேற்பட்ட கப்பல்கள் அழிந்திருக்கின்றன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ‘அட்லாண்டிக்கின் இடுகாடு’ என்ற பெயர் அதனால் வந்தது.

1794இல் அமெரிக்க நாடாளுமன்றம் இங்கே ஒரு விளக்கு கட்ட ஒப்புதல் அளித்தது. 1803இல் எரியத் தொடங்கிய முதல் கோபுரம் மணற்கல்லால் ஆனது, 90 அடி உயரம், திமிங்கில எண்ணெய் விளக்குகள். 20 கிலோமீட்டர் நீளும் மணல்திட்டின் வெளிப்புறத்தில் இருப்பவனுக்கு ஒளி தெரிய வேண்டும். இது அதற்குக் குட்டையானது, மங்கலானது. மாலுமிகள் அரை நூற்றாண்டு காலம் இதைத் திட்டியிருக்கிறார்கள். 1851இல் டேவிட் டிக்சன் போர்ட்டர் என்ற கடற்படை அதிகாரி, நாட்டின் கரையில் மிக முக்கியமான இந்த விளக்குதான் உலகிலேயே மோசமான விளக்கு என்று அரசுக்கு எழுதினார். ஒரு சேவையைப் பற்றி இதைவிடக் கடுமையான மதிப்புரையை நான் வாசித்ததில்லை. அதற்குப் பலன் கிடைத்தது என்பது இன்னும் அரிது. 1853இல் பழைய கோபுரத்தின் மேல் செங்கல் அடுக்கி 150 அடியாக உயர்த்தினார்கள். மறு ஆண்டில் ‘முதல் தர’ ஃப்ரெனெல் வில்லையை, அதாவது அவ்வகையில் அன்றைய மிகப் பெரிய அளவை, பொருத்தினார்கள்.

அந்த வில்லையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாம் பயணத்தில் நான் பார்த்தவற்றில் சிறந்தது அதுதான். பிரான்சில் செய்யப்பட்ட இந்த வகை வில்லை, பட்டகங்கள் ஏறத்தாழ ஆயிரத்தைப் பித்தளைச் சட்டங்களில் வட்ட வட்டமாக அடுக்கி, ஆளைவிட உயரமான ஒரு கண்ணாடிக் கூண்டாக அமைத்தது. நடுவில் எரியும் ஒரே எண்ணெய்ச் சுடரின் ஒளி நாலா பக்கமும் சிதறாமல், ஒவ்வொரு பட்டகமும் அதை வளைத்துக் கிடைக்கோட்டில் கடலை நோக்கி அனுப்பும். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, எதிரிக் கப்பல்களுக்கு வழிகாட்டக் கூடாது என்று தென்மாநிலப் படையினர் இதைக் கழற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் மறைத்துவிட்டார்கள். போருக்குப் பின் கிடைத்த வில்லை பழுதுபார்க்கப் பிரான்சுக்கே போனது. அதற்குப் பிறகு அது எங்கே போனதென்று நெடுங்காலம் குழப்பம் இருந்தது. 1870இல் கட்டிய புதிய கோபுரத்தில் ஏறியது அதே வில்லைதான் என்று பிற்கால ஆய்வு காட்டியது. 1936இல் கோபுரம் கைவிடப்பட்டபோது காவலுக்கு ஆளில்லை. வந்து போனவர்கள் பட்டகங்களை உடைத்தும் பெயர்த்தும் நினைவுப் பொருளாக எடுத்துப் போனார்கள். எஞ்சியது இப்போது தீவின் தென்கோடியில், ஹாட்டரஸ் ஊரில் உள்ள ‘அட்லாண்டிக் இடுகாட்டு’ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டகம் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் சட்டங்கள். போருக்குத் தப்பியதைச் சுற்றுலாப் பயணிகள் சூறையாடியிருக்கிறார்கள். அந்த வெற்றிடங்களின் முன் நின்றபோது, கோபுரத்தடியில் வாங்கிய சாவிக்கொத்து என் சட்டைப்பையில் கொஞ்சம் உறுத்தியது.

போருக்குப் பின் பழைய கோபுரத்தை ஒட்டுப்போடுவதைக் கைவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். கட்டுமானத்தை முன்னின்று நடத்தியவர் டெக்ஸ்டர் ஸ்டெட்சன். அந்த மணல் சில அடி ஆழத்துக்குக் கீழே இறுகிக் கிடந்ததால் முளைக்கம்பங்களை அடித்து இறக்க முடியவில்லை. சில அடி தோண்டினாலே நிலத்தடி நீர் சுரந்தது. ஸ்டெட்சன் நீரை இறைத்துக் குழியை வறட்டி, பைன் மர உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு பரப்பி, அவற்றின் மேல் கருங்கல்லை அடுக்கி, நீரை மறுபடி ஊறவிட்டார். நன்னீரில் மூழ்கிக் காற்றுப் படாமல் கிடக்கும் மரம் மக்காது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்களால் எழுந்த 198 அடிக் கோபுரத்தை அந்த மரங்கள் 129 ஆண்டுகள் தாங்கின. அந்த மரத்தின் ஆயுள் அங்கே ஊறிய நன்னீரைப் பொறுத்தது. கடல் நெருங்கி உப்புநீர் புகுந்தால் கணக்கு மாறிவிடும். 1870 டிசம்பர் 16 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. செங்கல்லால் கட்டிய கலங்கரை விளக்கங்களில் அமெரிக்காவில் இன்றும் இதுவே உயரமானது.

கோபுரத்தைச் சுற்றி ஏறும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் 1873இல் வந்தவை. பகலில் கரையோரக் கோபுரங்களை மாலுமிகள் அடையாளம் பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கோலம்: போடி தீவுக்குக் கிடைப்பட்டை, கேப் லுக்அவுட்டுக்கு வைரக்கட்டம், கரிடக்குக்கு வண்ணமே பூசாத செங்கல், இதற்குச் சுருள்பட்டை. டயமண்ட் ஷோல்ஸ் இங்கே இருக்க வைரக்கட்டம் லுக்அவுட்டுக்குப் போனது வண்ணம் பூசியவரின் குளறுபடி என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை.

கரையில் எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் திட்டின் வெளி விளிம்பில் ஒரு விளக்கு வேண்டும் என்ற எண்ணம் அரசை விடவில்லை. 1824இலேயே அங்கே ஒரு விளக்குக் கப்பலை நங்கூரமிட்டார்கள். 1827இல் புயல் அதைக் கரையில் கொண்டுவந்து போட்டது. மணல்திட்டின் மேலேயே இரும்புக் கூடு இறக்கிக் கோபுரம் கட்டும் முயற்சி 1891இல் கடலிடம் தோற்றது. பின்னர் மீண்டும் விளக்குக் கப்பல்கள். அவற்றில் எண் 71 என்ற கப்பல், முதல் உலகப்போரில், 1918 ஆகஸ்ட் 6 அன்று, அருகில் ஜெர்மானிய நீர்மூழ்கி இருப்பதை வானொலியில் மற்றக் கப்பல்களுக்கு அறிவித்தது. நீர்மூழ்கி அதைத் தேடி வந்தது. பணியாளர்கள் படகில் இறங்கும்வரை பொறுத்திருந்து கப்பலை மூழ்கடித்தது. 1921 ஜனவரி 31 காலையில் ஐந்து பாய்மரங்கள் கொண்ட கரோல் டீரிங் என்ற கப்பல் எல்லாப் பாய்களும் விரிந்த நிலையில் இதே திட்டில் ஏறி நின்றது. உயிர்காப்புப் படகுகள் இல்லை, ஆட்கள் ஒருவரும் இல்லை, அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை துலங்கவில்லை. இவை எவற்றையும் கோபுரத்தின் உச்சியில் யாரும் சொல்வதில்லை. ஹாட்டரஸ் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். திட்டின் மேல் ஒரு நிலையான இரும்பு மேடை விளக்கு 1966இல்தான் நின்றது. அதுவும் பணி முடிந்து, 2012இல் ஏலத்தில் ஒரு தனியாரிடம் 20,000 டாலருக்குப் போய்விட்டது.

இதற்கிடையே கடலே கோபுரத்தைத் தேடி வந்தது. 1870இல் கோபுரத்துக்கும் அலைக்கும் நடுவே ஏறத்தாழ 1,500 அடி மணல் இருந்தது. 1935 வாக்கில் அது 100 அடி அளவுக்குச் சுருங்கியது. விளக்கைக் காட்டுக்குள் ஓர் எஃகுச் சட்டக் கோபுரத்துக்கு மாற்றிவிட்டு, மணற்குன்றுகள் எழுப்பிக் கரையைக் காத்தார்கள். 1950இல் விளக்கு திரும்பி வந்தது. 1980 புயல் 1803ஆம் ஆண்டுக் கோபுரத்தின் எஞ்சிய அடித்தளத்தைக் கொண்டுபோனது. தடுப்புச் சுவர், மணல்மூட்டை, மணல் கொட்டுதல் என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டு, 1988இல் தேசிய ஆய்வு மன்றக் குழு நகர்த்துவதே சரி என்று பரிந்துரைத்தது. உள்ளூரில் பலர் எதிர்த்தார்கள். பெயர்த்தால் இடிந்து விழும் என்றார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். 4,800 டன் எடையுள்ள செங்கல் கோபுரத்தை நகர்த்துவது அஞ்ச வேண்டிய வேலைதான்.

அடித்தளத்தை வைரக் கம்பியால் அறுத்து, எஃகு உத்திரங்களைச் செருகி, நூறு நீரியல் ஜாக்கிகளால் கோபுரத்தைத் தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். 1999 ஜூன் 17 அன்று நகரத் தொடங்கியது; ஐந்தைந்து அடியாகத் தள்ளி, தண்டவாளத்தில் வழுக்கச் சோப்புக்கட்டியைத் தேய்த்து, 23 நாட்களில், ஜூலை 9 அன்று, 2,900 அடி தள்ளிப் புதிய இடத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து கடல் 1,600 அடி. ஏறத்தாழ 1870இன் தொலைவு. அந்த ஆண்டு கோடையிறுதியிலேயே டெனிஸ் சூறாவளி அந்தக் கரையைப் போட்டு உலுக்கியது.

நகர்த்திய பாதையில் இப்போது நடக்கலாம்; கால் மணி நேரம் ஆகும். பழைய இடத்தில் வைத்திருந்த, காவலர்களின் பெயர் பொறித்த அடித்தளக் கருங்கற்களை மணல் மூடிக்கொண்டே இருந்ததால், 2015இல் புதிய இடத்தருகே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். கோபுரத்துக்கு வருபவர்கள் அந்தக் கற்களில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள். பழைய இடத்துக்கு நடப்பவர்கள் குறைவு. இந்த மதிப்புரையில் குறை என்று ஒன்றைச் சொல்வதானால் அதுதான்: வருபவரைப் படிகளை நோக்கி அனுப்பும் அளவுக்கு, அந்த 2,900 அடி நடையை நோக்கி யாரும் அனுப்புவதில்லை. இரண்டாம் முறை நான் அங்கே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். சாரம் போர்த்திய கோபுரம் தொலைவில் சிறியதாகத் தெரிந்தது. அலை என் காலுக்குச் சற்றுத் தள்ளி வந்து போனது.

மராமத்துப் பணி 2024இல் தொடங்கியது. முதல் தர ஃப்ரெனெல் வில்லையின் நகல் ஒன்றைச் செய்து உச்சியில் வைப்பதும் அதில் அடங்கும். படியேறுவதற்காக மட்டும் வருபவர்கள் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மற்றவர்களுக்கு, மூடியிருக்கும் காலத்திலும் பயணம் வீணாகாது: காலையில் ஹாட்டரஸ் அருங்காட்சியகம், பிறகு காவலர் குடியிருப்பு, வெயில் தாழ்ந்த பிறகு பழைய இடத்துக்கு நடை. பக்ஸ்டன் காட்டுப் பாதையில் கால் வைப்பதானால் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டியும் கட்டாயம். 2019இல் அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.